வழிகாட்டி நாயையும் செல்ல நாயையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விமானத்துக்குள் நாய், பூனைகளை ஏற்றுவது பற்றிக் கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். மனிசருக்கே கால் நீட்ட இடமில்லை, அதற்குள் நாய்க்கு என்ன வேலை என்று அந்த ஐயா கேட்டிருந்தார். கோபம் விளங்குகிறது. ஆனால் கண் தெரியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடக்கும் நாயையும், பிரிந்திருக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு போகும் பொமரேனியனையும் அவர் ஒன்றாகக் கட்டிவிட்டார். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

வழிகாட்டி நாய் நேற்று வந்த நாகரிகம் இல்லை. முதலாம் உலகப் போரில் கண்ணை இழந்து வந்த படையினருக்காக ஜேர்மனியின் ஒல்டன்பேர்க்கில் 1916 இலேயே பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார்கள், அமெரிக்காவில் 1929 இல். போரில் கண்ணும் காலும் போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிற எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வாகனம் வருவதைக் கண்டால், கூட வருபவர் 'போ' என்று சொன்னாலும் அசையாமல் நிற்கப் பழக்கப்பட்ட நாய் அது. அதைச் சாமான் அறையில் போடச் சொல்வதும், வெள்ளைப் பிரம்பைப் பறித்துப் பெட்டியோடு அனுப்பச் சொல்வதும் ஒன்றுதான்.

குழப்பம் பெருத்தது அமெரிக்காவில். மன ஆறுதலுக்கு இந்தப் பிராணி தேவை என்று ஒரு கடிதம் காட்டினால் கட்டணமில்லாமல் கூட்டிப் போகலாம் என்று அங்கே ஒரு காலம் இருந்தது. உடனே காசுக்கு அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்க இணையத்தில் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். 2018 ஜனவரியில் நெவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலோடு வந்து நிற்க, யுனைற்றெட் நிறுவனம் ஏற்ற மாட்டோம் என்றது. (முருகனின் வாகனம் என்று சொல்லி நல்லூரிலிருந்து யாரும் வெளிக்கிடாத வரைக்கும் சரி.) அதே வருடம் ஒர்லாண்டோவில் ஒரு பெண் அணிலோடு ஏறி, இறக்கப்பட்டார். இந்தக் கூத்தெல்லாம் பார்த்துச் சிரித்த பயணிகள், அப்புறம் உண்மையான வழிகாட்டி நாயோடு வருபவரையும் 'இவரும் அப்படித்தானோ' என்று பார்க்கத் தொடங்கினார்கள். அந்த அநியாயத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

கடைசியில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் விதியை மாற்றியது. 2021 ஜனவரியிலிருந்து, ஒருவருடைய இயலாமைக்கு உதவும் ஒரு வேலையைச் செய்யத் தனியாகப் பயிற்றப்பட்ட நாய் மட்டும்தான் சேவைப் பிராணி. மற்றதெல்லாம் செல்லப்பிராணி, நிறுவனம் விரும்பினால் காசு வாங்கிக்கொண்டு ஏற்றலாம். நாயின் ஆரோக்கியம், பழக்கம், பயிற்சி பற்றிப் படிவம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும் என்று நிறுவனம் கேட்கலாம், அதில் பொய் சொன்னால் குற்றம். எட்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பறப்பு என்றால் நாய் மலசலம் அடக்கும், அல்லது அசுத்தம் செய்யாமல் போகும் என்றும் உறுதி கேட்கலாம். எந்த இனம் என்று பார்த்து மறுக்க முடியாது, ஆனால் உறுமினால், கடிக்கப் பாய்ந்தால் மறுக்கலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பிரித்தானியா இன்னும் கடுமை: அங்கே போய் இறங்கும் விமானத்தில் செல்லப்பிராணியை இருக்கைப் பக்கம் கொண்டு போகவே முடியாது, சரக்காகத்தான் போகும், அங்கீகரிக்கப்பட்ட உதவி நாய்க்கு மட்டும் விலக்கு.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்குத் தொய்வு வருத்தம், பூனை மயிர் பட்டால் மூச்சு இழுக்கும். வெளிநாட்டிலிருந்து வரும்போது முன் இருக்கையில் கூட்டுக்குள் பூனை. இடம் மாற்றித் தரச் சொல்லித் தாய் கேட்டதற்கு, விமானம் நிறைந்துவிட்டது என்று ஒற்றை வரியில் பதில். விமானத்தின் வடிகட்டிகள் காற்றைச் சுத்தமாக்கும்தான், இருக்கைத் துணியில் ஒட்டியதை என்ன செய்யும்? கனடாவில் சில விமான நிறுவனங்களில், ஒவ்வாமை உள்ளவர் முன்கூட்டியே அறிவித்தால் அவருக்கும் செல்லப்பிராணிக்கும் இடையில் ஐந்து வரிசையாவது விட வேண்டும் என்று ஒழுங்கு உண்டு. பெரிய விமானத்தில் அது சுலபம். யாழ்ப்பாணத்தில் எங்கள் பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து வரும் ஏரிஆர் ரக விமானத்தில் எழுபது சொச்சம் இருக்கைதானே, ஐந்து வரிசை விட்டால் விமானத்தில் கால்வாசி போய்விடும். ஆகவே இப்படிச் சின்ன விமானங்களில் செல்லப்பிராணிக்கு இடமில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். வழிகாட்டி நாய் என்றால் போவேன். ஒவ்வாமை உள்ளவரும் வழிகாட்டி நாயோடு வருபவரும் ஒரே விமானத்தில் வந்தால் இருக்கையை மாற்றிக் கொடுப்பது நிறுவனத்தின் வேலை, அவர்களை முட்டவிட்டு வேடிக்கை பார்ப்பதில்லை.

பலாலியில் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள், கொரோனாவில் மூடி 2022 டிசம்பரில் மறுபடி விமானம் வந்தது. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று எங்கள் சனம் பரந்து கிடக்கிறது, அவர்களில் கண் தெரியாத ஒருவர் நல்லூர்த் திருவிழாவுக்கு நாயோடு வர நினைத்தால் என்ன நடக்கும்? இலங்கையிலிருந்து திரும்பி ஐரோப்பாவுக்குள் போகும் நாய்க்கு விசர்நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை காட்ட வேண்டும், அதற்கு முன்னேற்பாடு தேவை. அதையெல்லாம் முடித்து வந்து இறங்கினாலும் வாசலில் கட்டாக்காலி நாய்கள் கூட்டமாகப் பாயும். பஸ்ஸில் ஏற விடுவார்களா, விடுதியில் அறை கொடுப்பார்களா? வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வெளியே வந்து அவருடைய வாகனத்துக்குக் கல்லெறிகிற ஆட்கள் நாங்கள்.

கட்டாக்காலி நாய்களுக்குத் தடுப்பூசியை மாநகர சபையும் பிரதேச சபைகளும் விடாமல் போடட்டும். வழிகாட்டி நாய் வந்தால் யாரிடம் என்ன பத்திரம் காட்ட வேண்டும் என்பதை விமான நிலையத்தில் மூன்று மொழியிலும் ஒட்டி வைக்கட்டும், பெரிய செலவில்லை. பலாலியில் கடமையில் இருப்பவர் யாராவது இதை வாசித்தால், அப்படி ஒரு நாய் நாளைக்கு வந்து இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று இதே பகுதிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொக்குவில்