கைப்பிடிக் கம்பிகளுக்குப் புது உறை: குடியிருப்போர் நலச் சங்கத்தின் நன்கொடை வேண்டுகோள்

அன்பான குடியிருப்பு உறவுகளே, வணக்கம்.

ஆறு வருடங்களுக்கு முன் பெரியவர்கள் இருக்கும் வீடுகளின் குளியலறைகளில் எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி பொருத்தினோம். ஈரக் கையில் வழுக்குகிறது என்று சிலர் சொன்னதால், ஏசி குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோமை வாங்கி மாட்டினோம்.

போன மாதம் பி பிளாக்கில் ஒரு அம்மா குளித்துவிட்டு எழும்போது கம்பியைப் பிடித்திருக்கிறார். கம்பி அசையவில்லை; ஃபோம் மட்டும் கையோடு சுழன்றுவிட்டது. மருமகள் கதவருகில் இருந்ததால் மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று.

அப்புறம்தான் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். 23 வீடுகளில் 41 கம்பிகள். கைபடும் இடமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. மாட்டுவதற்காக நீளவாக்கில் கீறிய இடம் வாய் பிளந்து, சோப்புத் தண்ணீர் இறங்கி, பசை விட்டுப்போயிருக்கிறது. ஒரு தாத்தா உறைமேல் துண்டைச் சுற்றி நைலான் கயிறு கட்டி வைத்திருந்தார். "உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லல" என்றார். அதைக் கேட்டு எங்களுக்குப் பேச்சே வரவில்லை.

வெறும் கம்பி என்றால் கை சுதாரித்துக்கொள்ளும். உறை இருந்தால் நம்பி முழு பாரத்தையும் போட்டுவிடுவோம். அதனால்தான் இதைத் தள்ளிப்போட முடியாது என்கிறோம்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. மேலே மட்டும் மழுங்கிய 14 உறைகளைப் பாத்திர சோப்பால் பிசுக்குப் போகக் கழுவி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் சொரசொரப்பு ஓரளவு திரும்பிவிடும். மீதி 27 கம்பிகளை ஒரு முனையில் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, கீறல் இல்லாத, வரி போட்ட நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர்) உறையை ஸ்பிரிட் தடவி ஏற்ற வேண்டும். ஈரம் இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்ததும் கம்பியைக் கவ்விக்கொள்ளும். சாதாரண ரப்பர் மலிவுதான், ஆனால் எண்ணெய் பட்டால் ஊறிப்போய்விடும். எண்ணெய்க் குளியல் வழக்கம் உள்ள நம் வீடுகளுக்கு அது சரிப்படாது. கழற்றும்போதே சுவர் போல்ட்டுகளையும் பார்த்துவிடலாம்.

உறை, பிளம்பர் கூலி எல்லாம் சேர்த்துக் கம்பிக்கு 600 ரூபாய் வீதம் 16,200 ரூபாய். உப்புத்தாள், ஸ்பிரிட், போல்ட்டுக்கு 1,800. ஆக 18,000. சங்கக் கையிருப்பிலிருந்து 5,000 ஒதுக்கிவிட்டோம். மீதி 13,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம். கம்பி உள்ள வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கப்போவதில்லை.

ஒரு கம்பியின் செலவை ஏற்றாலும் சரி, 50 ரூபாய் கொடுத்தாலும் சரி, மாலை 6 முதல் 8 வரை சங்க அறையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். ஞாயிறு காலை உப்புத்தாள் பிடிக்க நாலு பேர் வந்தாலும் பெரிய உதவி.

உங்கள் வீட்டுக் கம்பி பட்டியலில் விடுபட்டிருந்தால் உடனே சொல்லுங்கள். உறை சுழல்கிறது என்றால் அதுவரை அதை வெட்டி எடுத்துவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வெறும் கம்பியையே பிடியுங்கள். துண்டு சுற்ற வேண்டாம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்