கட்டுரையில் விட்டுப்போன 85 மில்லிமீட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ எடுக்கப் பழகுகிறவர்களுக்காக சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் மேட் பாக்ஸ் (வேண்டாத வெளிச்சத்தை மறைக்கவும் ஃபில்டர் வைக்கவும் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பெட்டி) விஷயத்தில் மட்டும், அதைத் தாங்க கேமராவுக்கு அடியிலிருந்து முன்னால் நீளும் 15 மில்லிமீட்டர் ராடு இருந்தால் எதுவும் பொருந்தும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை நம்பி ஒரு முழு நாளைத் தொலைத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ராடின் தடிமன் பாதிக் கணக்குதான். லைட் வெயிட் என்று சொல்லப்படும் 15 மி.மீ. அமைப்பில் இரண்டு ராடுகளின் மையங்களுக்கு நடுவே 60 மி.மீ. இருக்கும். அந்த மையத்திலிருந்து லென்ஸின் நடுப்புள்ளி 85 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மேட் பாக்ஸைச் செய்கிறவர் இந்த 85-ஐ மனதில் வைத்துத்தான் செய்கிறார். (பெரிய கேமராக்களின் 19 மி.மீ. ராடு வேறு கதை. அதில் இடைவெளியே 104 மி.மீ.)

என்னுடையது சின்ன ஸ்டில் கேமரா. கையில் இருந்த பேஸ்பிளேட்டில் (கேமராவையும் ராடுகளையும் சேர்த்துப் பிடிக்கும் தகடு) மாட்டிப் பார்த்தால் லென்ஸ் தாழ்ந்து கிடந்தது, பெட்டி மேலே நின்றது. ஃப்ரேமின் கீழ்மூலைகள் இரண்டும் கறுத்துவிட்டன. திருகைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாகச் சாயங்காலம் வரை போராடினேன். கடைசியில் தேவைப்பட்டது கேமராவுக்கு அடியில் வைத்து உயர்த்த ரைசர் என்ற ஒரு கட்டை, அவ்வளவுதான்.

சரி, உயரம் பொருந்திவிட்டது என்று நிம்மதியாக ஒரு பேட்டி எடுக்கப் போனேன். வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போட்டிருந்தேன், எனக்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னல். வீட்டுக்கு வந்து பார்த்தால், பேசியவரின் சட்டை மேல் வெளிறிய சதுரம் ஒன்று மிதக்கிறது. லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த சந்து வழியாக ஜன்னல் வெளிச்சம் புகுந்து, ஃபில்டரின் பின்பக்கத்தில் பட்டு, லென்ஸுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் டோனட் என்ற ரப்பர் வளையம் இருக்கிறது. பெட்டியோடு வந்ததை, என்னவென்று தெரியாமல், உறையிலேயே விட்டுவிட்டேன். ஃபோகஸ் செய்யும்போது முன்னால் நீளும் லென்ஸ் என்றால் இழுபடும் துணி வளையம் நல்லது. இறுக்கமான ரப்பர் லென்ஸைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், ஃபாலோ ஃபோகஸ் (லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் கருவி) வைத்திருப்பவர்கள் அதை முதலில் ராடில் ஏற்றிவிட்டு மேட் பாக்ஸைக் கடைசியாக ஏற்றுவது நல்லது. மாற்றிச் செய்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். நீளமான ராடைப் பார்த்தும் ஆசைப்பட வேண்டாம். அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ் போட்டால் ராடின் முனை ஃப்ரேமின் அடியில் எட்டிப் பார்க்கும்.

மூலை கறுக்கிறதா என்று பார்க்க, ஜூமை முழு வைடில் வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) நன்றாகக் குறைத்து, ஃபோகஸை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்ப வேண்டும். அப்பர்ச்சர் திறந்திருந்தால் கறுப்பு மங்கலாகத் தெரியும், ஏமாந்துபோவோம். பெட்டியின் மேல் ஃப்ளாகையும் (வெளிச்சத்தை மறைக்கும் தகடு) இதே நிலையில் வைத்து, விளிம்பு ஃப்ரேமில் தெரியும் வரை இறக்கி, பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம்.

அடுத்த இணைப்பில் அந்த 60-ஐயும் 85-ஐயும் குறித்து ஒரு சின்னப் படம் போட முடியுமா?

இப்படிக்கு,
வாசகர், வீடியோகிராஃபர்