கையை நனைத்துக்கொண்டு தொடு

சிரியம், பர்மா
20 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உனக்கு பீலிக்கான் முனீஸ்வரன் துணை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் நம் ஆள்தான். வாசலில் நிறுத்தி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதே, உட்காரவைத்து ஒரு டீயாவது வாங்கிக் கொடு.

போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். கரண்ட் இருந்தால் லைன் இல்லை, லைன் இருந்தால் அக்கா வீட்டில் இல்லை. கிடைக்கிற இரண்டு நிமிஷத்தில் "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மாசி மாதம் நீ அனுப்பிய மீன் போட்டோவை மார்க்கெட்டில் பார்க்காத ஆள் இல்லை. மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கிற மொய்ங்காக் கடைக்காரி, இதில் எத்தனை பானை இறக்கலாம் என்று கணக்குப் போட்டாள். "என் மகன் அதைத் திரும்பக் குளத்திலேயே விட்டுவிட்டான்" என்றேன். காசு கட்டி உள்ளே போய், மீனைப் பிடித்து, அதையும் விட்டுவிட்டு வெறும் கையோடு வருவார்களா என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா ஒன்றுமே சொல்லவில்லை, இரை என்ன போட்டான் என்று மட்டும் கேட்டார்.

ஆனால் தம்பி, நீ அதைப் பிடித்திருக்கிற லட்சணம்! மீன் தொட்டிப் பக்கத்தில் தவழ்ந்த பிள்ளை செய்கிற வேலையா அது? செவுளுக்குள் நாலு விரலையும் விட்டுத் தூக்கியிருக்கிறாய். நாம் கடையில் செவுளைத் தூக்கிக் காட்டுவது செத்த மீனுக்கு. உயிரோடு திரும்பப் போகிற மீனுக்கு அந்தச் சிவப்புத்தான் மூச்சு. அதில் நகம் பட்டுக் கிழிந்தால் வழிகிற ரத்தம் லேசில் நிற்காது. நீ விட்டதும் வாலை அடித்துக்கொண்டு போயிருக்கும், உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அடுத்த நாள் எந்த மூலையில் மிதந்தது என்று யார் பார்த்தது?

அவ்வளவு பெரிய உடம்பைச் செங்குத்தாகத் தொங்கவும் விடக்கூடாது. தண்ணீருக்குள் தன் கனமே தெரியாமல் இருந்த பிராணி அது. தொங்கவிட்டால் வயிற்றில் இருப்பதெல்லாம் கீழே இழுக்கும், முள்ளந்தண்டு விட்டுப்போகும். வாலுக்கு முன்னால் ஒரு கை, நெஞ்சுத் துடுப்புக்குக் கீழே ஒரு கை, படுக்கைவாட்டில் பிடி. கெளுத்தி ஜாதி என்றால் அந்தத் துடுப்பில் முள் இருக்கும், நான் சொல்லவா வேண்டும். போட்டோ எடுக்கத்தான் வேண்டுமென்றால் நீ தண்ணீருக்குள் இறங்கி நில்.

கையை முதலில் நனைத்துக்கொள். நாம் சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோமே, அந்த வழுவழுப்பை எல்லோரும் அழுக்கு என்று நினைக்கிறார்கள். அது மீனுக்குக் காவல். நீ பிடித்தது போன்ற செதில் இல்லாத மீனுக்கு அதை விட்டால் வேறு போர்வையே கிடையாது. உலர்ந்த கையோ துண்டோ சிமெண்டுத் தரையோ பட்டு அது உரிந்தால், நாலைந்து நாளில் அந்த இடத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை பூக்கும். நம் தொட்டியில் எத்தனை தடவை அப்படிப் பூத்ததை நீயே பொறுக்கிப் போட்டிருக்கிறாய். போட்டோவில் உன் சட்டை காய்ந்து கிடக்கிறது, பின்னால் தரையில் ஈரத் தடம் தெரிகிறது. அதைத் தரையில் போட்டுத்தானே தூண்டில் முள்ளைக் கழற்றினாய்? அம்மாவுக்குத் தெரியாது என்று நினைக்காதே.

முள்ளில் இருக்கிற எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டுப் போடு. சில மீன் நழுவும், நழுவட்டும். முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்காதே, குடலோடு வரும். தூண்டில் நரம்பை வாயோடு ஒட்ட அறுத்துவிட்டு மீனை விடு. சாதா இரும்பு முள் துருப்பிடித்து உதிர்ந்துபோகும், எவர்சில்வர் முள் வாங்காதே. எல்லாவற்றையும் உன் ஒரு மூச்சுக்குள் செய். நீ மூச்சைப் பிடித்துக்கொள், உனக்கு முட்டும்போது அதுக்கும் முட்டுகிறது.

உன் வேலை பெர்மிட் எப்போது முடிகிறது? வைகாசி என்று அக்கா சொல்கிறாள், ஆனி என்று அப்பா சொல்கிறார்.

இங்கே தண்ணீர்த் திருவிழா திஞ்சான் முடிந்தது. மார்ச் 28ல் பூமி ஆடியதில் மண்டலே, சகாயிங் பக்கம்தான் கடும் சேதம். நம் பக்கம் தொட்டித் தண்ணீர் தளும்பியதோடு சரி. ஆட்டம் பாட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் தெருவில் குழாய்த் தண்ணீரும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் மீனை வாங்கி ஆற்றில் விட வந்த கூட்டம் இந்த வருஷம் போல் நான் பார்த்ததில்லை. மனசு பயந்தால் புண்ணியம் தேடும் அல்லவா. 17ஆம் தேதி வருஷப் பிறப்பன்று விடிவதற்குள் தொட்டி காலி. கறிக்குப் போகும் விலையைவிட விடப் போகும் விலை அதிகம், அது உனக்குத் தெரிந்ததுதான்.

அந்தக் காலத்தில் இதில் ஒரு அர்த்தம் இருந்தது. கோடையில் குட்டை வற்றி, சேற்றில் துடிக்கிற மீன்களை அள்ளி, பானையில் போட்டுத் தூக்கிப்போய் ஆற்றில் விட்டார்கள். சாகப் போனது பிழைத்தது. இப்போது, விடுவதற்கென்றே பிடிக்கிறார்கள். பிடிப்பதற்கு நான் காசு கொடுக்கிறேன். சரி, வயிறு இருக்கிறதே.

விற்கிறவள்தான், இருந்தாலும் கத்தாமல் இருக்க முடியவில்லை. மீனைப் பையில் வாங்கி, கார் சீட்டில் வெயிலில் வைத்துவிட்டு, புத்தர் கோயில் பயாவுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். சித்திரை வெயிலில் பைத் தண்ணீர் கஞ்சியாகிவிடும். சுட்ட தண்ணீரில் காற்றுத் தங்காது. கெண்டையும் ரோகுவும் வாயைப் பிளந்துவிடும். விராலும் தேளிக் கெளுத்தியும் வேறு தினுசு, மேலே வந்து காற்றைக் குடிக்கிற ஜாதி. அதைப் பை முட்டத் தண்ணீர் ஊற்றி இறுக்கிக் கட்டினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீனும் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் என்னைப் பைத்தியக்காரி மாதிரி பார்க்கிறார்கள்.

அப்புறம் படகுத்துறை மேலிருந்து தொப்பென்று கொட்டுவது. பையைக் கால் மணி நேரம் ஆற்றில் மிதக்கவிட்டு, ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்து, சூடு ஒன்றான பிறகு பையைச் சாய்த்தால் அதுவே நீந்திப் போகும். யாருக்குப் பொறுமை? கோடையில் கடல் ஏறும்போது நம் பெகு ஆற்றில் உப்பு ஏறுகிறது, குளத்து மீனைக் கொண்டுபோய் அதிலா விடுவது? வற்றத்தில், சாயங்காலம், மேலே ஓடைப் பக்கம் போய் விடுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். ஜிலேபிக் கெண்டையை மட்டும் அன்றைக்கு விற்கவே மாட்டேன். ஆப்பிரிக்காவில் இருந்து வந்த மீன், விட்ட இடத்தில் பெருகி மற்றதற்கு இரை இல்லாமல் பண்ணிவிடும். பக்கத்துக் கடையில் விற்றார்கள், எனக்குப் போன வியாபாரம் போனதுதான்.

ஒரு பர்மியத் தாத்தா மட்டும் முறையாகச் செய்கிறார். வாய் அகன்ற பானையில் நாலே மீன், மேலே ஆகாயத்தாமரை இலை. முழங்கால் ஆழம் இறங்கி நின்று, "நான் உன்னை ஒரு தரம் விடுகிறேன், நீ என்னைப் பத்துத் தரம் விடு" என்று அவர்கள் வழக்கப்படி சொல்லிவிட்டுப் பானையைச் சாய்ப்பார். பத்து மடங்கு வட்டி கேட்கிறாரே தாத்தா என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

மற்றவர்கள் விட்டதெல்லாம் என்ன ஆகிறது தெரியுமா? படித்துறைக்குக் கொஞ்சம் கீழே பையன்கள் வலையோடு காத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் பெரிய பையன்கள், இப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பொடியன்கள்தான். பொழுது சாய்வதற்குள் நான் காலையில் விற்ற விராலை எனக்கே திரும்ப விலை பேசுகிறார்கள். வாயோரக் காயத்தைப் பார்த்தாலே எனக்கு அடையாளம் தெரியும். வலையைக்கூட விடு, வலைக்குத் தப்பினது ஏன் தூரப் போகவில்லை? பொரியும் சோறும் விழுகிற இடம் என்று பழகிப்போய் அதே படிக்கட்டையே சுற்றுகிறது. மீனுக்கு எங்கே தெரியும், மேலே யார் நிற்கிறார்கள் என்று. பக்கத்து ஊர் சௌத்தானில் நடு ஆற்றுக் கோயில் கெளுத்தியை யாரும் தொடுவதில்லை, காலடியில் வந்து தின்றுவிட்டுப் போகிறது. எல்லா இடமும் சௌத்தான் இல்லை.

ஆடிப் பூஜைக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னாயாம். ஆடியில் மழை கொட்டும். டிக்கெட் விலை கொஞ்சநஞ்சம் இல்லை. உன் வேண்டுதல் கிடாயை நானும் மாமாவும் சேர்ந்து செய்துவிடுகிறோம், சாமி கோபிக்காது. வீட்டு லிஸ்டைப் பார்க்க வந்தவர்கள் உன் பேரைப் படித்துவிட்டு, எங்கே என்று கேட்டார்கள். ரொம்ப நாளாக மாமா வீட்டில் என்றேன். எந்த மாமா என்று கேட்கவில்லை. கோடி வீட்டு அண்ணனும் இப்போது ஊரில் இல்லை. போன வருஷம் பிப்ரவரியில் இருந்தே தெருவில் இளவட்டம் குறைவு, வாலிபால் வலையைக்கூடக் கழற்றிவிட்டார்கள். யாரும் யாரையும் எங்கே என்று கேட்டுக்கொள்வதில்லை. அதை விடு.

விராலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே மலாய்க்காரர்கள் தோமான் என்கிறார்களே, அதுவும் நம் விரால் ஜாதிதான். மழை தொடங்கினால் சிவப்புக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து காற்றுக் குடிக்கும், பார்த்திருக்கிறாய். தாயும் தகப்பனும் அடியிலேயே நிற்கும். அந்தக் கொத்துக்கு நடுவில் தூண்டிலைப் போட்டால் உடனே பாயும். அது பசியில்லை, ஏதோ குஞ்சைத் தின்ன வந்திருக்கிறது என்று பாய்கிறது. அதைப் பிடிப்பதில் என்ன சாமர்த்தியம்? உன் கூட்டாளிகள் கூப்பிட்டாலும் போகாதே. தெரியாமல் மாட்டிவிட்டால் போட்டோவெல்லாம் எடுத்துக்கொண்டிருக்காதே, அந்த நிமிஷமே, அந்த இடத்திலேயே விடு. பத்தடி தள்ளி விட்டால்கூட, அது திரும்பி வருவதற்குள் மற்ற மீன்கள் குஞ்சுகளை முடித்துவிடும். கையை நனைத்துக்கொண்டு தொடு. எத்தனை தரம் சொல்கிறாள் என்று சலித்துக்கொள்ளாதே, நீ எத்தனை தரம் சொன்னால் கேட்கிற பிள்ளை என்று எனக்குத் தெரியும். சின்னதில் தேள் என்றால்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தானே நம்பினாய்.

நீ அனுப்பிய பணத்தில் கூரைத் தகடு மாற்றியாயிற்று. அப்பா ஏணியில் ஏறக்கூடாது என்று ஆள் வைத்தேன், அவர் கீழே நின்று அவனை வேலை செய்யவிடவில்லை. மீதிப் பணத்தைத் தொடவில்லை. அதை இந்தக் கடிதம் கொண்டுவருகிறவர் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறேன், எண்ணி வாங்கிக்கொள். நீ சம்பாதித்து அனுப்பியதை உனக்கே திருப்பி அனுப்புகிறாளே என்று கோபப்படாதே. தீபாவளிக்குப் புது வேட்டி எடுக்கவில்லை என்று அப்பாவும் வருத்தப்படவில்லை. அது பெர்மிட்டுக்கு. முதலாளி கட்டுவார், ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார் என்று இருக்காதே, நீயே நேரில் போய்க் கேள். ஒரு வருஷத்துக்குப் போட முடிந்தால் ஒரு வருஷத்துக்குப் போடு, இரண்டு வருஷம் கிடைத்தால் இரண்டு வருஷம். போதாவிட்டால் சொல், என் காதில் கிடப்பது சும்மாதான் கிடக்கிறது.

வருஷப் பிறப்பன்று ஏன் பேசவில்லை என்று நான் கேட்கவில்லை. வேலை இருந்திருக்கும். அக்காதான் ஒரு நாள் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பெர்மிட் கட்டியதும் ரசீதை அக்காவுக்கு அனுப்பு. ஞாயிறு காலை எட்டில் இருந்து ஒன்பது வரை எங்கள் வரிசைக்குக் கரண்ட் வருகிறது, அந்த நேரத்தில் கூப்பிட்டால் கிடைக்கும். எதிர்வீட்டில் ஆள் மாறிவிட்டார்கள், அதனால் ஸ்பீக்கரில் போடமாட்டேன். நீயும் சத்தமாகப் பேசாதே.

அம்மா