‘வண்டி ஆடுது’ என்று மட்டும் சொன்னால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விபத்துச் செய்திகளில் ‘பைக் நிலைதடுமாறி கவிழ்ந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த வண்டி அதற்கு முன்னால் எத்தனை நாளாக ஆடிக்கொண்டிருந்ததோ, ஓட்டியவர் அதை எந்த மெக்கானிக்கிடமாவது சொன்னாரோ என்றுதான் எனக்குத் தோன்றும். ஏனென்றால் என்னைப் பற்றியும் அப்படி ஒரு வரி வந்திருக்க வேண்டியது.

என்னுடையது 1994-ல் அப்பா வாங்கிய நூறு சிசி வண்டி. போன வருடம் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் மனைவியை உட்காரவைத்துப் போகும்போது, அறுபதைத் தாண்டியதும் ஹேண்டில் என் பேச்சைக் கேட்கவில்லை. பட்டறையில் ‘முன்னாடி ஆடுது’ என்றேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் குண்டு, கிண்ணங்களை மாற்றினார்கள். ஆட்டம் போகவில்லை. அப்புறம் முன் டயர். அதற்கும் போகவில்லை. திரும்பக் கொண்டுபோனால் கோன் செட்டை இன்னும் இறுக்கிவிட்டார்கள், அதில் ஹேண்டில் கனத்துப்போய், மெதுவாகப் போகும்போதும் வண்டி இப்படியும் அப்படியும் அலைய ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர்தான் கேட்டார், “ஹேண்டில் மட்டும் உதறுதா தம்பி, இல்ல வண்டியே நெளியுதா?” யோசித்துப் பார்த்தால் நெளிந்தது வண்டிதான். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒரு கையால் சேசிஸைப் பிடித்து, மறு கையால் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி இழுத்தார். டக், டக் என்று சத்தம், இரண்டு நூல் (கால் அங்குலம்) ஆட்டம். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், சேசிஸோடு சேரும் இடத்தில் இருக்கும் புஷ் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. கோளாறு பின்னால், தெரிந்தது முன்னால்!

இதைத்தான் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். வேகம் ஏறும்போது வண்டி முழுக்கப் பாம்பு மாதிரி மெதுவாக நெளிந்தால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்: புஷ், பின் டயர் காற்று, செயின் டைட் வைக்கும்போது பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் உள்ள அளவுக்கோடு சமமாக இருக்கிறதா, பின்னால் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுகிறீர்களா. அப்படி இல்லாமல், நாற்பது ஐம்பதில் ஆக்சிலேட்டரை விடும்போது ஹேண்டில் மட்டும் படபடவென உதறினால் அது பெரும்பாலும் முன்பக்க வேலை.

அதையும் வீட்டிலேயே பார்க்கலாம். எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்கள்) அடியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால், கோன் செட் லூஸ் என்றால் கழுத்தில் டொக் என்று தட்டுவது தெரியும். பிறகு ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். என் வண்டியில் கழற்றிய பழைய கிண்ணத்தைப் பார்த்தேன், குண்டுகள் உட்காரும் இடத்தில் வரிசையாக நகத்தால் கிள்ளியது போலக் குழிகள். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே போகிறது, ஸ்பீடு பிரேக்கரில் விழும் ஒவ்வொரு அடியும் அதே இடத்தில்தான் இறங்குகிறது. ஆக, என் கோன் செட்டும் போயிருந்தது உண்மைதான், ஆனால் நெளிவுக்குக் காரணம் அது இல்லை.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் வீல் பேரிங் தெரிந்துவிடும். ஒரு குச்சியை ஃபோர்க்கில் கட்டி ரிம் பக்கத்தில் வைத்துச் சுற்றினால் கோட்டம் தெரியும், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் என்றால் கோட்டம் எடுக்கணும். கம்பிகளை ஸ்பேனரால் தட்டுங்கள், டிங் என்று வராமல் டப் என்று வந்தால் அது லூஸ்.

டயரில் ‘பட்டன் (தரையில் படும் மேடு) இருக்கே’ என்று பலர் அதன் வயதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2315 என்றால் 2015-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. வண்டி நின்றே இருந்தாலும் ரப்பர் கல்லாகிவிடும்.

ஓடும்போது உதறல் வந்துவிட்டால் முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஹேண்டிலோடு மல்லுக்கட்டவும் கூடாது. ஆக்சிலேட்டரை மெதுவாகக் குறைத்து வண்டியைத் தானாக வேகம் இறங்க விடுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. நிருபர்கள் ‘நிலைதடுமாறி’ என்று எழுதுவதற்கு முன், அந்த வண்டியின் டயரும் கழுத்தும் எப்படி இருந்தன என்று ஒரு வார்த்தை விசாரித்து, தெரிந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.