அரிசிப் புத்தகமும் மருத்துவர் வீடும்

மதுரை
தை 12

அன்பிற்கினிய நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் மூன்று வாரங்களுக்கு முன்பே வந்துவிட்டது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதுக் கண்ணாடி வரும்வரை எழுதவோ படிக்கவோ கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பதில் தாமதமானதற்கு அதுவே காரணம். பேத்திக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை என் மனைவிதான் வாசித்துச் சொன்னாள். எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி.

"வியட்நாம் சோற்றுக்காக மருந்தை விற்றது, கியூபா பட்டினி கிடந்தும் மருந்தை விற்கவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். மருந்து என்று நீங்கள் சொன்னது இலவச மருத்துவத்தை. கண்ணை மூடிப் படுத்திருந்த நாட்களில் அந்த வரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியை என்னால் ஏற்க முடியவில்லை.

இரு நாடுகளிலும் குடும்பத்தின் கையில் ஒரு சிறு புத்தகம் இருந்தது. கியூபாவில் 1962 முதல் இருந்துவரும் அந்தப் பங்கீட்டுப் புத்தகத்துக்கு லிப்ரெத்தா என்று பெயர். வியட்நாமில் அது அரிசிப் புத்தகம். யாராவது முகம் வாடி நின்றால் "அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவன் முகம்" என்று அங்கே இன்றும் சொல்வார்கள். ஹனோயின் பங்கீட்டுக் கடைகளில் விடியுமுன் வரிசைக்கு வந்தவர்கள், தமக்குப் பதிலாக ஒரு செங்கல்லை வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போவதுண்டு.

அந்த வரிசை ஏன் நீண்டது என்பதை வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். கூட்டுறவுப் பண்ணையில் உழைப்புக்குப் புள்ளி போட்டார்கள்; நன்றாக நட்டவருக்கும் ஏனோதானோவென்று நட்டவருக்கும் ஏறக்குறைய ஒரே புள்ளிதான். ஆனால் சொந்தத் தேவைக்கென்று குடும்பத்துக்கு விடப்பட்டிருந்த ஐந்து சதவீத நிலம் மட்டும் செழித்து விளைந்தது. வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் ஙொக் 1966-இலேயே இதைக் கண்டு, நிலத்தைக் குடும்பங்களுக்குக் குத்தகை முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். 1968-இல் மேலிடம் அதைக் கண்டித்து நிறுத்தியது. அவர் 1979-இல் காலமானார். 1981-இல் அதே ஏற்பாட்டைக் கட்சி அரைகுறையாகவும், 1988-இல் பத்தாம் தீர்மானத்தின் வழியாக முழுமையாகவும் ஏற்றுக்கொண்டது. அரிசி போதாமல் இறக்குமதி செய்துவந்த அந்த நாடு, மறு ஆண்டே ஏறத்தாழ 14 இலட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. உயிரோடு இருந்து அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். 1989-இல் வியட்நாம் மருத்துவமனைகளில் கட்டணம் வந்தது உண்மை. ஏழைகள் அதனால் மிகவும் துன்பப்பட்டதும் உண்மை. ஆனால் கிராமச் சுகாதார நிலையம் நலிந்ததற்குக் கட்டணத்தையும் விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அந்த நிலைய ஊழியர்களுக்குக் கூலி அளந்தது கூட்டுறவுப் பண்ணைதான். பண்ணை கலைந்ததும் அவர்களுக்குப் படியளக்க ஆளில்லாமல் போயிற்று. சீனத்திலும் கம்யூன்கள் என்ற கூட்டுப் பண்ணைகள் கலைந்தபோது கிராமக் கூட்டுறவு மருத்துவம் இப்படித்தான் சரிந்தது. ஆகவே, நிலத்தைக் குடும்பத்திடம் கொடுத்தது குற்றமல்ல. மருத்துவத்தைப் பண்ணையின் களத்துமேட்டில் கட்டிவைத்திருந்ததும், களத்தைக் கலைக்கும்போது அந்தக் கட்டை அவிழ்த்து அரசின் கருவூலத்தோடு கட்டத் தவறியதுமே குற்றம் என்பது என் துணிபு. 1994-இல் அந்த ஊழியர்களின் சம்பளத்தை அரசே ஏற்றது. 2005-இல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை வந்தது. இன்று மக்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பீட்டுக்குள் இருக்கிறார்கள். விற்ற மருந்தை முழுவதுமாக மீட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கைக்காசு செலவு அங்கே இன்னும் அதிகம். ஆனால் மீட்பதற்குக் கையில் நெல் இருந்தது.

கியூபாவிடம் அந்த நெல் இல்லை. 1984-இல் தொடங்கிய குடும்ப மருத்துவர் திட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்: கீழே மருத்துவ அறை, மாடியில் மருத்துவரின் வீடு, தெருவில் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள், யாருக்கு இரத்த அழுத்தம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சோவியத் உதவி நின்று பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிய காலத்திலும், ஆயிரம் பிறப்புக்கு 11.1 ஆக இருந்த சிசு மரணம் 1993-இல் 9.4 ஆகக் குறைந்தது. ஆனால் சத்துக் குறைவால் பரவிய நரம்பு நோய் உச்சத்துக்கு வந்ததும் அதே 1993-இல்தான்; அது ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கண்டு, பலருக்குப் பார்வை மங்கியது. மருத்துவர் வீட்டு வாசலுக்கே வந்தார். தட்டில் சத்து இல்லை. நாடு முழுவதும் வைட்டமின் மாத்திரை கொடுத்துத்தான் அதை அடக்கினார்கள்.

அமெரிக்காவின் பொருளாதாரத் தடையை மறந்துவிட்டீரா என்று நீங்கள் கேட்பீர்கள். மறக்கவில்லை, அது கொடுமையானது, 1992-இலும் 1996-இலும் இன்னும் இறுக்கப்பட்டது. ஆனால் வியட்நாமின் அரிசி கப்பலேறிய 1989-இல் அந்நாட்டின் மீதும் தடை இருந்தது, 1994-இல்தான் நீங்கியது. கியூபாவில் விவசாயி விளைச்சலின் பெரும்பங்கை அரசு வைத்த விலைக்கே கொடுக்க வேண்டியிருந்ததைத் தடையின் கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை. ஏழு வயது வரை ஒவ்வொரு குழந்தைக்கும் பால் என்பது கியூபாவின் பங்கீட்டுப் புத்தகத்தின் மிக அழகிய வரி. 2024-இல் அந்தப் பாலுக்காக உலக உணவுத் திட்டத்திடம் பால் பவுடர் கேட்க நேர்ந்தது. 2018-இல் 4.0 வரை இறங்கிய சிசு மரணம் 2022-இல் 7.5 ஆக ஏறிவிட்டது. இந்த எண்ணை எழுதும்போது கை கூசுகிறது.

முப்பது ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கச் செயலாளராகக் கணக்குப் பார்த்தவர் நீங்கள். மழை பொய்த்த வருடங்களில் சங்கத்தின் எந்தச் செலவில் முதலில் கைவைத்தீர்கள், எதை எப்பாடுபட்டாவது காப்பாற்றினீர்கள் என்பதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள். சங்கத்தின் நெல்லில் ஒரு மருத்துவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்திருந்தால் அந்த வருடங்களில் அவர் என்ன ஆகியிருப்பார் என்பதையும் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு நண்பன்