மலைப் பிள்ளைகள் தங்குவதற்கு ஒரு வீடு

அஸ்தம்பட்டி, சேலம்.

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். நீயும் டொராண்டோவில் உன்னுடன் வேலை செய்யும் தோழியரும் சேர்ந்து, ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்க முடிவு செய்திருப்பதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் அந்தப் பணத்தைக் கல்லூரிக் கட்டணமாகவும் மடிக்கணினியாகவும் பிரித்துக் கொடுப்பது என்ற திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. பணிக்காலத்தின் பெரும்பகுதியை அந்த மலைப் பள்ளிகளில் கழித்தவள் என்ற உரிமையில் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உன் தோழியருக்கும் படித்துக் காட்டு.

நாகலூரிலோ மாரமங்கலத்திலோ வாழும் ஒரு பெண் பிளஸ் டூவோடு நின்றுவிடுவதற்குக் கட்டணம் முதற்காரணமாக இருந்ததை நான் அதிகம் கண்டதில்லை. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவளுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின்படி மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. தகப்பன்மார் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. "ராத்திரிக்குப் பிள்ளை எங்க படுக்கும், டீச்சர்?" என்பதுதான் அது. கிராமத்திலிருந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலத்தை அடைவதற்குள் காலைப் பொழுதில் பாதி போய்விடும். மாலையில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பெண்ணுக்கு இந்த ஊரில் ஒதுங்க ஒரு வாசல் இராது. அந்தக் கேள்விக்கு ஒரு பெண் முன்வந்து, "என் பொறுப்பில் இருக்கட்டும்" என்று பதில் சொன்ன இடங்களில்தான் பெண்பிள்ளைகளின் படிப்பு தொடர்ந்திருக்கிறது. நம் மாநிலத்துப் பெண்கல்வி வரலாற்றையே நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

சகோதரி சுப்பலட்சுமியை எடுத்துக்கொள். சிறுமியாக மணமுடித்துக் கொடுக்கப்பட்டு, சிறிது காலத்திலேயே கைம்பெண்ணாகி, 1911இல் பட்டம் பெற்றவர். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவர்தான். அடுத்ததாக அவர் செய்த காரியம், தம்மைப் போலவே வாழ்க்கை முடங்கிப்போன சிறுமியரைத் தம்முடன் தங்க வைத்துப் படிக்க அனுப்பியது. இடம் போதாமல் போகவே அந்த இல்லம் பின்னர் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்கு மாறியது. 1914இல் தொடங்கப்பட்ட ராணி மேரிக் கல்லூரி அதற்கு அருகிலேயே இருந்ததும், 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அதன் முதல்வராக அவரே அமர்ந்ததும், அங்கே தங்கிய பெண்கள் ஆசிரியைகளாக வெளியேற வழி செய்தன. அந்த இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே என்ற வரம்போடு நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூரை போடுகிறவர்களே அதன் கீழ் யார் வரலாம் என்பதையும் வகுத்துவிடுகிறார்கள்; நீங்கள் தொடங்குவதில் அப்படி ஒரு வரம்பு எந்த உருவத்திலும் இருக்கக் கூடாது.

முத்துலட்சுமி ரெட்டியைப் பள்ளிப் பாடத்தில் நீ படித்திருக்கிறாய். 1912இல் மருத்துவரானதும், 1927இல் சென்னைச் சட்ட மேலவையின் துணைத் தலைவரானதும் உனக்குத் தெரியும். தேவதாசி முறையிலிருந்து வெளியேறி வந்த பெண்பிள்ளைகளை நகரத்து விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தபோது, அவர் தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார் என்பதையும், அவ்வை இல்லம் அங்கிருந்துதான் தொடங்கிற்று என்பதையும் பாடப் புத்தகம் ஒரு வரியில் கடந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அன்றிரவு படுக்க இடம் இல்லாதிருந்தால், அந்த முறையிலிருந்து கிடைத்த விடுதலையை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போயிருப்பார்கள்?

பெரிய பெயர்களை விடு. தாரமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நான் ஆசிரியர் பயிற்சிக்கு வந்தது, உன் அம்மாயியின் தங்கை அம்மாப்பேட்டையில் தன் தறி வீட்டில் எனக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்ததால்தான். பகலெல்லாம் குழித்தறி ஓடும் கூடத்தில், இரவு தறி நின்ற பிறகு பாவு நூலுக்கும் சுவருக்கும் இடையில் பாய் விரிப்பேன். சின்ன அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் தேர்வு நாட்களில் விளக்கைத் தணிக்கச் சொன்ன ஆண்களிடம், "பிள்ளை படிச்சு முடிக்கட்டும்" என்று சொல்லி வாசலில் உட்கார்ந்திருந்தது அவள்தான்.

மலையில் நான் வேலை பார்த்த பள்ளியில் சத்துணவுச் சமையலர் ஒருவர் இருந்தார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மையம் ஏற்காட்டில். காலைப் பேருந்தை நம்பி வந்தால் முதல் மணி அடித்துவிடும். முந்தின இரவே பெண்களை அனுப்பப் பெற்றோர் சம்மதிக்கவில்லை. தலைமை ஆசிரியர் சொல்லியும் கேட்கவில்லை, நான் வீடு வீடாகப் போய்ப் பேசியும் பயனில்லை. அந்த அம்மாள் காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லைன் வீடுகளுக்கு மாலையில் ஒருமுறை போய், "எங்க வீட்டுல படுத்துக்கட்டும், காலையில நானே கூட்டிட்டுப் போய் விடறேன்" என்றார். அத்தனை பெண்களும் பையோடு வந்துவிட்டார்கள். ஒரே அறை வீடு. ரசமும் சோறும் போட்டு, கம்பளியைப் பகிர்ந்து படுக்க வைத்து, விடியலில் வெந்நீர் வைத்து, கையில் டார்ச்சுடன் மையத்தின் வாசல் வரை நடத்திச் சென்றார். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை.

1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது, அமைப்பாளர்களாகவும் சமையலர்களாகவும் ஆயிரக்கணக்கான பெண்கள், அதிலும் கணவனை இழந்தவர்களும் ஆதரவற்றவர்களும், பள்ளிக்கூடத்திற்குள் வந்தார்கள். அவர்களில் பலர் ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே நின்று செய்த காரியங்களுக்கு நன்றியை மட்டும் கொடுத்துவிட்டுச் சம்பளத்தைக் குறைத்தே வைத்தோம். காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள் என்பது உனக்கும் தெரியும். பெண்களின் உழைப்பைப் பாராட்டிப் பேசுவது எல்லோருக்கும் எளிது, கண்ணு. மாதம் பிறந்தால் அவர்கள் கையில் நியாயமான தொகை சேர்வதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆகையால் என் யோசனை இது. பணத்தைப் பிரித்துக் கொடுக்காமல், அரசு விடுதிகளில் இடம் கிடைக்காத மலைப் பிள்ளைகளுக்காகச் சேலத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்துங்கள். முதல் செலவு வார்டனின் சம்பளமாக இருக்கட்டும். மலையிலிருந்தே ஒரு பெண்ணை அமர்த்தி, வார விடுப்போடு, குறைவில்லாத ஊதியம் கொடுங்கள். ஊரார் அறிந்த முகம் வாசலில் இருந்தால்தான் தகப்பன் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்புவான். சமையலை மகளிர் சுய உதவிக் குழு ஒன்றிடம் ஒப்படைக்கலாம். 1989இல் தருமபுரியில் தொடங்கி ஓரிரு ஆண்டுகளில் நம் மாவட்டத்திற்கும் வந்த அந்தக் குழுக்கள் சேமிப்புக் கணக்கைத் தாமே எழுதிப் பழகியவை. 2022 முதல் பள்ளிகளில் காலை உணவு சமைப்பதும் அக்குழுப் பெண்கள்தாம். கணக்கு நோட்டை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாம் சும்மா இருக்கலாம்.

சட்டத்தையும் மறந்துவிடாதே. பெண்கள் தங்கும் விடுதி எதுவானாலும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற்றாக வேண்டும். அதைத் தொந்தரவாக நினைக்காதே. அந்த உரிமத்தைச் சட்டகத்தில் போட்டு முன்னறையில் மாட்டுவது பெற்றோருக்கு நாம் கொடுக்கும் முதல் உறுதிமொழி.

உதவி பெறும் பிள்ளைகளின் படத்தை எடுத்து அனுப்பும்படி உன் தோழி ஒருத்தி கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அவர்கள் வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவியர். தங்களைக் காட்டி நன்றி சொல்ல வேண்டிய கடன் அவர்களுக்கு இல்லை. செலவுக் கணக்கை மாதந்தோறும் நான் அனுப்புகிறேன், அது போதும்.

அரசு மகளிர் கல்லூரிக்குப் பேருந்து வசதியுள்ள தெருவில் ஒரு மாடி வீடு காலியாக இருக்கிறது. உன் அப்பா நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர் வசதி உண்டு, கழிவறைகள் இரண்டுதான் இருப்பதால் இன்னொன்று கட்டித் தர வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறார். மே மாதத்தில் கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பங்கள் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒப்பந்தம் எழுத வேண்டுமானால், முன்பணத்தைப் பற்றி உன் தோழியரிடம் பேசிவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். வார்டன் வேலைக்கு என் பழைய மாணவி ஒருத்தியை மனத்தில் வைத்திருக்கிறேன். சம்பளம் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடிந்த பிறகுதான் அவளிடம் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா