ஃப்ளோரிடா ஸ்டேட் நிர்வாகத்துக்கு: பையன்களைத் திட்டுவதை விடுங்கள், ஒப்பந்தத்தைப் பாருங்கள்

ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2024இல் உங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி பன்னிரண்டு ஆட்டத்தில் இரண்டைத்தான் ஜெயித்தது. 1974க்குப் பிறகு உங்கள் ஊரான டாலஹாசி இவ்வளவு மோசமான சீசனைப் பார்த்ததில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் தோல்வியே காணாமல், நீங்கள் ஆடும் கல்லூரி லீக்கான ஏசிசியில் சாம்பியன் ஆனீர்கள்!

டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்திலேயே சறுக்கல். கடைசி நொடியில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக அணி அடித்த ஃபீல்டு கோலில் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் புள்ளி) 24-21 என்று தோற்றீர்கள். சரி, துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். அடுத்து வரிசையாக ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூட 16 புள்ளியைத் தாண்டவில்லையே, அதை என்னவென்று சொல்வது? அதுவரை உங்களை ஒருமுறைகூட ஜெயித்திராத டியூக் பல்கலைக்கழகம் ஜெயித்தது. நோட்ர டேமிடம் 52-3 என்று தோல்வி. மறுநாளே உதவிப் பயிற்சியாளர்கள் மூவரை வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

எல்லாரும் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற வீரரை, திட்டினார்கள். கிளெம்சன், ஒரிகன் ஸ்டேட் என்று வேறு கல்லூரிகளைச் சுற்றிவிட்டு வந்த டி.ஜே. உயியாங்கலெலே கையில் அடிபட்டு உட்கார்ந்ததும், அனுபவமில்லாத சின்னப் பையன்கள் களத்தில் இறங்கினார்கள். அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

2023இன் வெற்றியே வெளியிலிருந்து வந்தவர்களால் கிடைத்ததுதான். ஜாரெட் வெர்ஸ் ஆல்பனியிலிருந்து வந்தார், கியோன் கோல்மன் மிஷிகன் ஸ்டேட்டிலிருந்து, பிரேடன் ஃபிஸ்க் வெஸ்டர்ன் மிஷிகனிலிருந்து. ஜோர்டான் டிராவிஸே லூயிவில்லில் தொடங்கியவர். அவர்கள் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்குப் போனதும் இடம் காலி. சொந்தமாக நாற்று விடாதவன் வருடா வருடம் பக்கத்து வயலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தலைமைப் பயிற்சியாளர் மைக் நார்வெல் விஷயத்துக்கு வருவோம். 2024 ஜனவரியில், நிக் சேபன் ஓய்வுபெற்று அலபாமா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் இடம் காலியானபோது, நார்வெலை விடக்கூடாது என்று 2031 வரை, ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்தீர்கள். ஒரு நல்ல வருடத்தை நம்பி எட்டு வருட ஒப்பந்தம்! தோல்விக்குப் பிறகு அவர் தன் சம்பளத்தில் 45 லட்சம் டாலரை விட்டுக்கொடுத்தார். நல்ல மனசுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2025இலும் அதே வழிதான். வெளியிலிருந்து இன்னொரு குவார்ட்டர்பேக், முதல் ஆட்டத்தில் அலபாமாவையே 31-17 என்று சாய்த்த ஆரவாரம், முடிவில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி (5-7). நார்வெலை அனுப்பவும் முடியவில்லை. அப்போது அனுப்பியிருந்தால் ஒப்பந்தப்படி 5 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் பழைய பயிற்சியாளர் பாபி பௌடனுக்கும் 1976இல் முதல் வருடம் 5-6தான். அப்புறம் 2009 வரை களத்தில் ஒரு சீசன்கூட தோல்விக் கணக்கில் முடியவில்லை. காலம் மாறிவிட்டது, வீரர்கள் நினைத்தபோது கல்லூரி மாறலாம் என்பீர்கள். உண்மை. அதனால்தான் தங்குகிறவர்களுக்குக் கூடுதலாகச் செலவு செய்யச் சொல்கிறேன்.

அடுத்த ஒப்பந்தத்தில், தோல்வி சீசனுக்குப் பின் பயிற்சியாளரை அனுப்பினால் தரவேண்டிய தொகை பாதியாகும் என்று ஒரு வரி சேருங்கள். பள்ளி முடித்து நேராக இங்கே வந்து மூன்றாம் வருடமும் இங்கேயே ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை, ஆகஸ்டில் சீசன் தொடங்கும் முன்பே ரசிகர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோற்றாலும் ஆட்டம் பார்க்கிற ஒரு ரசிகன்